தளபதி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை

ராவல்பிண்டியில் நேஷனல் பார்க் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு மரீ பீர் ஆலையைக் கண்டுபிடிக்கப் பலகை தேவையில்லை. ஊறிய பார்லி சூட்டில் வெந்து எழுப்பும், இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை போதும். அதே வட்டாரத்தில்தான் பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதியின் அதிகாரபூர்வ இல்லமான ஆர்மி ஹவுஸும் இருக்கிறது. ஜெனரல் ஜியா-உல்-ஹக் அந்த வீட்டில் குடியிருந்தபடியேதான் நாட்டை ஆண்டார். பின்னாளில் முஷாரஃபும் அங்கேதான் இருந்தார். மது அருந்தும் முஸ்லிமுக்கு எண்பது கசையடி என்று ஆணை பிறப்பித்தவர் ஜியா. காற்று அந்தப் பக்கம் திரும்பிய நாள்களில் அந்த வாடை அவர் தோட்டத்துக்கும் வந்திருக்கத்தான் வேண்டும்.

மரீ புருவரி கம்பெனி 1860இல் தொடங்கியது. துணைக்கண்டத்தின் மிகப் பழைய பொதுப் பங்கு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அதன் பங்குகள் 1902 வாக்கிலேயே கல்கத்தா சந்தையில் கைமாறின. இன்று பாகிஸ்தான் பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. 2023 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். அவர்கள் யாரும் இந்த ஆலையின் பீரைக் குடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இருந்தும் ஆலை நடக்கிறது, விரிகிறது, லாப ஈவு தருகிறது.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ராவல்பிண்டி வந்து, இதை ஒரு வேடிக்கையான முரண் என்று எழுதிவிட்டுப் போவார்கள். வேடிக்கை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை அல்லவா. ஆலையின் நூற்றறுபது ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறு ஒரு கணக்கு தெரிகிறது. ஒவ்வோர் ஆட்சியும் யாரோ ஒரு கூட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் இந்த ஆலைக்கு உரிமம் கொடுத்தது. முதலில் வெள்ளைக்காரச் சிப்பாய், பிறகு சிறுபான்மையினர். உரிமம் யார் பெயரில், பானம் யார் வயிற்றில் என்ற இரண்டு கேள்விகளுக்கு இடையில் உள்ள சந்தில்தான் ஆலை வாழ்ந்துவந்திருக்கிறது.

சிப்பாயிலிருந்து தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவுக்கான பீர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. லண்டன் அருகே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் வடித்த பீரும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் ஆலைகளின் பீரும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நான்கு, ஐந்து மாதங்கள் பீப்பாயில் குலுங்கி வந்து சேர்ந்தன. கசப்பான ஹாப்ஸ் பூக்களைத் தாராளமாகப் போட்டால் பீர் எளிதில் கெடாது. இன்று உலகமெங்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்று விற்கப்படும் வகையின் வேர் அந்தப் பயணத்தில் இருக்கிறது. ஆனால் விலை ஏறியது. துறைமுகத்திலிருந்து பஞ்சாப் வரை மாட்டு வண்டியில் கொண்டுபோக வேண்டியிருந்ததால் இன்னும் ஏறியது. கட்டுப்படியாகாத சிப்பாய் சாராயத்துக்கும் ரம்முக்கும் போனான், மருத்துவமனைக்கும் போனான். ராணுவ மருத்துவர்கள் பீரைக் குறைந்த தீமையாகக் கண்டார்கள்.

1857க்குப் பிறகு இந்தியாவில் ஐரோப்பியப் படையினரின் எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டியது. அதில் பெரும் பங்கு பஞ்சாபிலும் வடமேற்கு எல்லையிலும் நிறுத்தப்பட்டது. இவ்வளவு பேருக்கும் பீர் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே வேண்டும்.

சமவெளியில் பீர் வடிப்பது அந்தக் காலத்தில் முடியாத காரியம். ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட் பதினைந்து முதல் இருபது டிகிரி வெப்பத்தில் நிதானமாக வேலை செய்யும். பஞ்சாபின் கோடையில் அதைவிட இருமடங்கு வெப்பம். தொட்டியில் ஈஸ்ட் பொங்கி, வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்து, எல்லாம் புளித்துப்போகும். குளிர்பதன இயந்திரம் இன்னும் வராத காலம். ஆகவே பீர் மலையேறியது. சிம்லா மலையில் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் 1850களில் ஓர் ஆலை போட்டார். அடுத்து ராவல்பிண்டிக்கு மேலே மரீ என்ற மலைவாசத்தலத்துக்குப் போகும் வழியில், கோரா கலி என்ற இடத்தில், ஊற்றுநீரும் பைன் காடும் குளிரும் சேர்ந்த ஒரு சரிவில் மரீ ஆலை எழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோரா கலியில் அதே 1860இல் இன்னொரு நிறுவனமும் தொடங்கியது: வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்குமான லாரன்ஸ் பள்ளி. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹென்றி லாரன்ஸ் தொடங்கிவைத்த திட்டத்தின் முதல் பள்ளி 1847இல் சனாவரில் வந்தது. சனாவர், பீர் ஆலை இருந்த கசௌலிக்குப் பக்கத்து ஊர். 1858இல் ஊட்டியிலும் ஒரு லாரன்ஸ் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய லவ்டேல். நீலகிரியிலும் அதே காலத்தில் பீர் ஆலைகள் முளைத்தன. சிப்பாய்க்குக் குளிர்ந்த பீர், அவன் பிள்ளைக்குக் குளிர்ந்த காற்று. மலைவாசத்தலங்களை நாம் கவர்னர்களின் பங்களாவையும் ஏரிப் படகையும் வைத்தே நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊர்கள் ஒரு படையின் பின்கட்டாகவும் இருந்தன என்பதை ஆலையும் பள்ளியும் சேர்ந்து காட்டிக்கொடுக்கின்றன.

டயர் என்ற குடும்பப் பெயர் எங்கோ கேட்டது போலத் தோன்றினால், தோன்றியது சரிதான். எட்வர்ட் டயர் மரீ ஆலையை நிர்வகித்துக்கொண்டிருந்தபோது, 1864 அக்டோபர் 9 அன்று மரீயில் அவருக்கு ரெஜினால்ட் என்று ஒரு மகன் பிறந்தான். அவன் வளர்ந்து பிரிகேடியராகி, 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள்மீது 1,650 குண்டுகளைச் சுட உத்தரவிட்டான். அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். இந்தியத் தரப்பு சொன்னது அதைவிடப் பல மடங்கு. மரீ ஆலையைப் பற்றி எழுதும் எவரும் இந்தச் செய்தியைக் கடந்துபோவதில்லை. மகன் செய்ததற்குத் தகப்பனின் பீர் பொறுப்பாகாது. ஆனால் வணிகமும் ராணுவமும் ஒரே குடும்பத்துக்குள் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. மகன் வேலை பார்த்த படைதான் தகப்பனின் சந்தை.

டயர்களின் கதை அப்புறம் இந்தியப் பக்கம் போகிறது. பர்ட்டனிலிருந்து வந்த மீக்கின் என்பவரின் நிறுவனமும் டயர் நிறுவனமும் ஒன்றாகி ‘டயர் மீக்கின்’ ஆனது. பர்மாவின் மாண்டலே வரை அதற்கு ஆலைகள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1949இல் என்.என். மோகன் அதை வாங்கினார். 1967இல் பெயர் ‘மோகன் மீக்கின்’ என்று மாறியது. ‘ஓல்டு மங்க்’ ரம் அந்தக் கம்பெனியுடையது.

மரீயில் டயருக்குப் பின் வந்தவர்களில் சுவாரசியமானவர் ஹென்றி விம்பர். ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் 1865இல் முதன்முதலாக ஏறிய எட்வர்ட் விம்பரின் தம்பி இவர். அண்ணன் ஏறிய மலை புத்தகங்களில் நின்றது. தம்பி குடியேறிய மலையில் பீர் பெருகியது. இன்னொரு சகோதரர் சாமுவேல் நைனிடால் பீர் ஆலையைக் கவனித்துக்கொண்டார். பார்லி பஞ்சாப் சமவெளியிலேயே கிடைத்தது. ஹாப்ஸ் மட்டும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க காஷ்மீரில் ஹாப்ஸ் பயிரிடும் முயற்சிகளும் நடந்தன. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் மரீ பீருக்குப் பதக்கம் கிடைத்தது. கம்பெனி அதை இன்றும் தன் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கிறது.

1880கள் கம்பெனியின் பொற்காலம். ரயில் ராவல்பிண்டியை எட்டிவிட்டது. இரண்டாம் ஆப்கன் போருக்குப் பின் ராவல்பிண்டி இந்தியாவின் மிகப் பெரிய ராணுவ முகாம்களில் ஒன்றாக வளர்ந்தது. கோரா கலியிலிருந்து பீப்பாய்களை மலைப்பாதையில் இறக்குவதைவிட முகாமுக்குப் பக்கத்திலேயே வடிப்பது லாபம். குளிர்பதன இயந்திரங்களும் வந்துவிட்டதால் மலையின் தயவு முன்போலத் தேவைப்படவில்லை. ராவல்பிண்டியில் ஓர் ஆலை எழுந்தது. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவைக் கண்காணிக்கப் படை குவிக்கப்பட்ட குவெட்டாவில் இன்னோர் ஆலை எழுந்தது. படை எங்கே போகிறதோ, கம்பெனி அங்கே போயிற்று.

தெற்கிலும் அதன் கை நீண்டது. ஊட்டி, பெங்களூர், இலங்கையின் நுவரெலியா ஆகிய இடங்களின் பீர் ஆலைகளிலும் மரீ கம்பெனிக்கு அந்தக் காலத்தில் உரிமையோ பங்கோ இருந்தது. நுவரெலியாவில் வாடிக்கையாளர்கள் சிப்பாய்களைவிட அதிகமாகத் தோட்டத் துரைமார். அவர்கள் பீர் குடித்த மாலைகளில், தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போன கூலித் தொழிலாளர்கள் கொழுந்துக் கூடையை எடைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நுவரெலியா ஆலைதான் பின்னாளில் ‘லயன்’ பீர் கம்பெனியாக வளர்ந்தது. தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ஆலைகளை தாமஸ் லீஷ்மன் 1915இல் ஒன்றாக்கி ‘யுனைடெட் புருவரீஸ்’ என்று பெயர் வைத்தார். அதில் மிகப் பழையது 1857இல் தொடங்கிய காசில் ஆலை. ‘கிங்ஃபிஷர்’ பீர் அந்தக் கம்பெனியின் பிள்ளை. ராவல்பிண்டி, கசௌலி, பெங்களூர், நுவரெலியா என்று இன்று நான்கு திசையில் நிற்கும் பெயர்கள் எல்லாம் ஒரே மலைத்தொழிலின் கிளைகள்.

சரிவு இயற்கையிலிருந்தே தொடங்கியது. 1910களில் கோரா கலியில் நீர் வற்றத் தொடங்கியதும் பீர் வடிப்பு பெரும்பாலும் ராவல்பிண்டிக்கு மாறியது. மலையில் பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்கும் வேலை மட்டும் 1940கள் வரை நடந்து, பின் அந்த இடமும் விற்கப்பட்டது. 1935 மே 31 அதிகாலையில் குவெட்டாவைத் தாக்கிய நிலநடுக்கம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அங்கிருந்த ஆலையும் அழிந்தது. 1947 கலவரத்தில் கோரா கலிக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். கூர்மாடக் கல்சுவர்கள் மட்டும் மரீ சாலையோரத்தில் மிஞ்சின.

மூன்று ஆலைகளில் ராவல்பிண்டி ஒன்றுதான் பாகிஸ்தானுக்குள் முழுசாக வந்து சேர்ந்தது. வந்தபோது அதன் முதலாளி ஒரு பார்ஸி.

லாகூரில் மது வணிகம் நடத்திவந்த பெஷோதன் பண்டாரா 1940களில் மரீ கம்பெனியின் பங்குகளைச் சேர்த்து வாங்கி அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பிரிவினை நேரத்தில் இது விசித்திரமான ஒரு பாதுகாப்பாக அமைந்தது. பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் ஒரு பக்கமும் முஸ்லிம்கள் மறுபக்கமும் ஓடிக்கொண்டிருந்தபோது, பார்ஸிகள் யாருக்கும் எதிரியாக எண்ணப்படவில்லை. எண்ணும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கையும் இல்லை. இந்துவோ சீக்கியரோ இந்த ஆலையின் முதலாளியாக இருந்திருந்தால் அது அகதிச் சொத்தாகி யார் யார் கைக்கோ போயிருக்கும். முஸ்லிம் முதலாளியாக இருந்திருந்தால் 1977க்குப் பின் நீடித்திருக்க முடியாது.

பெஷோதனின் மகள்தான் நாவலாசிரியர் பாப்ஸி சித்வா. லாகூரில் ஒரு பார்ஸிச் சிறுமியின் கண் வழியே பிரிவினையைப் பார்க்கும் ‘ஐஸ் கேண்டி மேன்’ அவருடைய நாவல். தீபா மேத்தா 1998இல் அதை ‘எர்த்’ என்ற படமாக்கினார். நம்மூர் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த படம் அது. நாவலின் சிறுமி கலவரத்துக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் பார்க்க முடிவதற்குக் காரணம் அவள் எந்தத் தரப்பிலும் சேராதவள் என்பது. அந்தக் குடும்பத்தின் வணிகம் பிழைத்ததற்கும் காரணம் அதுதான். சித்வா 2024 டிசம்பரில் அமெரிக்காவில் காலமானார்.

1961இல் பெஷோதன் இறந்தபின் மகன் மீனு பண்டாரா பொறுப்பேற்றார். அன்றைய பாகிஸ்தானில் மது சட்டபூர்வமானது. ராணுவ மெஸ்களில் மரீ பீர் ஓடியது. கராச்சியில் மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் இருந்தன. கடற்கரையில் ஒரு சூதாட்ட மாளிகைகூடக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒரே வாரத்தில் நிறுத்தியவர் மதவாதி இல்லை. தன் குடிப்பழக்கத்தைப் பொதுமேடையிலேயே மறைக்காத ஜுல்ஃபிகர் அலி பூட்டோ.

1977 மார்ச் தேர்தலில் முறைகேடு என்று ஒன்பது எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின. அவற்றில் மதக் கட்சிகளின் குரல் ஓங்கியது. அவர்கள் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று எண்ணிய பூட்டோ, ஏப்ரலில் மது, சூதாட்டம், இரவு விடுதிகள் எல்லாவற்றுக்கும் தடை விதித்து, வெள்ளிக்கிழமையை வார விடுமுறை ஆக்கினார். பலிக்கவில்லை. ஜூலை 5 அன்று ஜியா ஆட்சியைப் பிடித்தார். 1979 பிப்ரவரியில் ஹுதூத் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்களின் ஒரு பகுதியாக மதுவிலக்கு ஆணை வந்தது; இரண்டு மாதம் கழித்து அதே ராவல்பிண்டியின் சிறையில் பூட்டோ தூக்கிலிடப்பட்டார். சூதாட்ட மாளிகை திறக்கப்படவே இல்லை.

இந்த ஆணையின் நுணுக்கத்தில்தான் மரீயின் உயிர் இருக்கிறது. பூட்டோ காலத்து 1973 அரசியலமைப்பின் 37ஆம் பிரிவே மதுவைத் தடுப்பதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்லியிருந்தது. ஆனால் மருத்துவத் தேவைக்கும், முஸ்லிம் அல்லாதவர்களின் மதத் தேவைக்கும் விலக்கு வைத்திருந்தது. 1979 ஆணை அதே விலக்கைப் பற்றிக்கொண்டு, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உரிமத்தின்பேரில் மது கிடைக்க வழிவிட்டது. சட்டத்தின் சொல்படி அது மதச் சடங்குக்கு. நடைமுறையில் மாத ஒதுக்கீட்டுடன் பெர்மிட் அட்டை, உரிமம் பெற்ற கடை, ஹோட்டல் கவுண்டர். விளம்பரம் கூடாது. ஏற்றுமதியும் பல பத்தாண்டுகளுக்கு அடைபட்டுக் கிடந்தது. ஓர் இந்துவுக்கோ கிறிஸ்தவருக்கோ மாதாமாதம் பீர் குடித்தே தீர வேண்டிய சடங்கு எது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது, வரி வசூலிக்கும் அரசாங்கத்துக்கு முக்கியமாக.

மீனு பண்டாரா அந்தக் கேட்காத மௌனத்தின் அளவை நன்றாக அறிந்தவர். அவர் ஜியாவுக்குச் சிறுபான்மையினர் விவகாரங்களில் ஆலோசகராக இருந்தார். முஷாரஃப் காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார். ‘டான்’ நாளிதழில் பத்தி எழுதினார். மத அடிப்படையில் குடிமக்களைப் பிரிக்கக் கூடாது என்ற பொருளில் ஜின்னா 1947 ஆகஸ்ட் 11 அன்று ஆற்றிய உரையை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். குடிமக்களை மத அடிப்படையில் பிரிக்கும் ஒரு சட்டத்தால் பிழைக்கும் ஆலையின் முதலாளி அந்த மசோதாவைக் கொண்டுவந்தார் என்பதைக் கபடம் என்று தள்ளிவிட முடியவில்லை. தன் தொழில் எந்த நூலில் தொங்குகிறது என்பதை அறிந்தவருக்குத்தான் அந்த நூலின் அவமானமும் தெரிந்திருக்கும். சீனாவில் நடந்த சாலை விபத்தில் காயமடைந்து அவர் 2008 ஜூனில் இறந்தார். பிறகு மகன் இஸ்பன்யார் ஆலைக்கும் வந்தார், சிறுபான்மையினர் இடத்தில் நாடாளுமன்றத்துக்கும் வந்தார்.

தொழிலையும் மீனு ஒரே காலில் நிற்க விடவில்லை. ‘டாப்ஸ்’ என்ற பெயரில் பழச்சாறு, ஜாம் வகைகள். ஹத்தாரில் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலை. போதையில்லாத மால்ட் பானங்கள். கடைத்தெருவில் மரீயின் சரக்கைத் தினமும் வாங்கும் பாகிஸ்தானியர் பலருக்கு அது ஜாம் கம்பெனிதான். ஆலைத் தொழிலாளர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். உரிமத்தோடு வடிப்பது குற்றமில்லை, குடிப்பதுதான் குற்றம். நிர்வாகத்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் உண்டு.

விஸ்கி விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. இறக்குமதிப் பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடும் வரை புரட்டிப்போட்டு, உலர்த்தி, வடித்து, ஓக் பீப்பாய்களில் நிலவறையில் அடுக்கிவைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு போல ஆவியாகும். ராவல்பிண்டி வெயிலில் இழப்பு அதிகம். ஆகவே நீண்ட காலம் முதிரவைப்பது துணிச்சலான முதலீடு. மரீ எட்டு ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு விஸ்கிகளோடு நிற்காமல், 2000களின் நடுவில் இருபது ஆண்டு முதிர்ந்த ஒன்றையும் வெளிக்கொண்டுவந்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்தப் பீப்பாய்கள் நிரப்பப்பட்டது 1980களின் நடுவில், கசையடி ஆணை போட்ட ஜியா பக்கத்து வீட்டில் உயிரோடு இருந்த காலத்தில். இருபது ஆண்டு கழித்தும் இந்த நாட்டில் விஸ்கி விற்க விடுவார்கள் என்று அன்றே நம்பி ஒருவர் பீப்பாயை மூடியிருக்கிறார். பாகிஸ்தான் அரசியலைப் பற்றி இவ்வளவு துல்லியமான கணிப்பை அந்தக் காலத்து ஆய்வாளர்கள் யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

சரி, யார்தான் குடிக்கிறார்கள்? சிறுபான்மையினர் மட்டும் குடித்து இத்தனை சரக்கு தீர்வதில்லை. பெர்மிட் உள்ள ஏழைக் கிறிஸ்தவர் தன் பங்கை விற்கிறார். வசதியுள்ள முஸ்லிம் வாங்குகிறார். இடையில் கடைக்காரர், தரகர், காவலர் என்று ஆளுக்கொரு பங்கு. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. சிந்து மாகாணத்தில் உரிமம் பெற்ற மதுக்கடைகள் தெருவிலேயே உண்டு. பஞ்சாபில் அதுவும் இல்லை. சில பெரிய ஹோட்டல்களின் பின்பக்கக் கவுண்டரில்தான் கிடைக்கும். ராவல்பிண்டியில் வடிக்கப்படும் பீர் பஞ்சாபைவிடக் கராச்சியில்தான் தாராளமாகப் புழங்குகிறது.

2016இல் இந்த ஏற்பாட்டின் இரண்டு முனைகளும் ஒரே பருவத்தில் வெளியே தெரிந்தன. அக்டோபரில் சிந்து உயர்நீதிமன்றம், முப்பத்தேழு ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது: சட்டம் மதச் சடங்குக்கு என்றுதானே சொல்கிறது, ஆண்டு முழுக்கக் கடை எதற்கு? மாகாணத்தின் மதுக்கடைகளை மூட உத்தரவிட்டது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் கடைகள் மறுபடி திறந்தன.

அந்த டிசம்பரில் பஞ்சாபின் டோபா டேக் சிங் நகரில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்காக விஷச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் ஏழைக் கிறிஸ்தவர்கள். மண்ட்டோவின் சிறுகதைத் தலைப்பாக நமக்குத் தெரிந்த அதே ஊர். சட்டத்தின்படி மது அருந்த உரிமையுள்ளவர்கள் அவர்கள். அவர்களைப் போன்றவர்களின் பெயரில்தான் நாட்டின் உரிமங்கள் எல்லாம். ஆனால் அந்த உரிமையின் விலை நட்சத்திர ஹோட்டல் கவுண்டரின் விலை. சவரத்துக்குப் பின் பூசும் வாசனைத் திரவத்தைக் கலந்து காய்ச்சியதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியானது. மரீ ஆலையின் வரலாற்றில் இந்தச் சாவுகள் சேராதவை என்று சிலர் சொல்லக்கூடும், அவர்கள் குடித்தது மரீயின் பீர் இல்லையே என்று. குடிக்க முடியாமல் போனது அந்தப் பீர் என்பதால் சேரும் என்றே தோன்றுகிறது.

சிறுபான்மையினரின் பெயரில் உரிமம் தரும் இந்த இழிவை வேறொரு பக்கத்திலிருந்து பிடித்தவர் ரமேஷ் குமார் வங்க்வானி என்ற இந்து நாடாளுமன்ற உறுப்பினர். எங்கள் மதமும் குடியை அனுமதிக்கவில்லை, எங்கள் பெயரைச் சொல்லி நாட்டுக்கு ஊற்றிக்கொடுக்காதீர்கள் என்பது அவர் வாதம். எல்லோருக்கும் தடை விதிக்கும் சட்டத்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 2018 டிசம்பரில் தேசிய சபை அதை ஏற்க மறுத்தது. ஓர் இந்து உறுப்பினர் முழு மதுவிலக்கு கேட்கிறார்; முஸ்லிம் பெரும்பான்மை அவை வேண்டாம் என்கிறது. இஸ்பன்யார் பண்டாராவின் தரப்பு எதிர்வாதம் எளிது: தடை கூடினால் விஷச் சாராயம் கூடும். டோபா டேக் சிங்குக்குப் பிறகு அந்த வாதத்தில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வாதத்தைச் சொல்பவர் ஆலை முதலாளி என்பதையும் மறக்க முடியாது.

மரீயின் பீர் ஏகபோகத்தை அசைத்தது வேறோர் இடத்திலிருந்து வந்தது. சீன முதலீட்டில் சாலைகளும் துறைமுகமும் மின் நிலையங்களும் கட்ட ஆயிரக்கணக்கான சீனர்கள் பாகிஸ்தானுக்கு வந்தார்கள். அவர்கள் முஸ்லிம்களும் அல்லர். ஹோட்டல் கவுண்டர் விலையில் அன்றாடம் பீர் வாங்கும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. பலூசிஸ்தானின் ஹப் நகரில் ‘ஹுய் கோஸ்டல்’ என்ற சீன நிறுவனம் ஆலை கட்டி, 2021இல் பீர் உற்பத்தியைத் தொடங்கியது. பாகிஸ்தான் உருவான பின் மரீக்கு உள்நாட்டிலேயே வந்த முதல் பெரிய பீர்ப் போட்டி அது. இந்த முறை உரிமம் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெயரில். ஹப் நகரிலிருந்து கராச்சி ஒரு மணி நேரத் தூரம்.